ஐந்தாம் பலகைக்கு ஒரு ராணி

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் தலைமை வரைவாளராய் இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்கா அவர்களுக்கு, அலுவலகத் தோழர் தோழியர் அனைவரும் அகம் குளிர்ந்து வாசித்து அளிக்கும் மடல்.

கோணாத கோடு வரைந்த கலங்காத கரமே! மண்ணுக்கு அடியில் மறைந்தோடும் குழாய்களின் மனமறிந்த மாண்பே! முந்திவந்து முகம் காட்டாத, முதல் பலகையின் முதல்வியே! அடைமொழி போதும் என்று தாங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. மடல் என்றால் அப்படித்தான் அக்கா, இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாய்வு மேசையும் மைப்பேனாவும், தப்புக் கோட்டைச் சுரண்டும் பிளேடும், படியெடுக்கும் இயந்திரத்தின் அம்மோனியா வாடையுமாக வரைபட அறை இருந்த காலத்தில் இங்கே வந்தீர்கள். தெருவில் குழாய் வெடித்தால் ஆட்கள் நேரே தங்கள் மேசைக்குத்தான் ஓடிவருவார்கள். தாங்கள் பென்சில் முனையை வைத்த இடத்தில் தோண்டினால் வால்வு இருக்கும். கணினி வந்தபோது பாதிப் பேர் முணுமுணுத்தோம். தாங்கள் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அதையும் கற்றுக்கொண்டீர்கள். இவையெல்லாம் பணிப்பதிவேட்டில் இருக்கும். நாங்கள் பேச வந்தது நடைபாதையில் தொங்கும் படத்தைப் பற்றி.

தண்ணீர் வடிகட்டிக்கு மேலே மாட்டிய படம் அது. நம் அணித்தலைவரும் தொலைபேசி அலுவலக அணித்தலைவரும் ஒரே கோப்பையை ஆளுக்கொரு பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் இரு அணிகளின் ஆண்கள். ஆனால் ஒருவராவது காமிராவைப் பார்க்கவில்லை, அத்தனை தலைகளும் வலப்பக்கம் திரும்பியிருக்கின்றன. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அதன் முன்னால் நின்று, இவர்களெல்லாம் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்பதும், அக்காவை என்று நாங்கள் சொல்வதும் இந்த அலுவலகத்தில் வழக்கமாகிவிட்டது. படத்துக்கு வெளியே நிற்கும் அந்த அக்காவின் கதையை முழுதாகச் சொல்ல இதைவிட நல்ல நாள் வாய்க்காது.

அலுவலகங்களுக்கு இடையிலான சதுரங்கப் போட்டியில் அணிக்கு ஒரு பெண்ணாவது ஆட வேண்டும் என்று விதி வந்த ஆண்டு அது. எல்லா அணிகளும் நான்கு பலகைகளில் ஆண்களை வைத்துக்கொண்டு, ஐந்தாம் பலகையைப் பெண்ணுக்கு ஒதுக்கின. எந்தப் பலகையில் வென்றாலும் அதே ஒரு புள்ளிதான். ஆனாலும் ஐந்தாவதை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. நம் அணித்தலைவர் பண்டகசாலைக் கண்காணிப்பாளர். எந்த ஆட்டமானாலும் ராஜாவுக்குக் கோட்டை கட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவார் என்பதால் அவருக்குக் கோட்டை அண்ணன் என்று பெயர். இதோ, முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே தலையைக் குனிந்துகொண்டார். அவர் வரைபட அறைக்கு வந்து தங்களிடம் கேட்டது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"செஸ் ஆடத் தெரியுமாம்மா? தெரியலேன்னாலும் பரவால்ல, வந்து உட்கார்ந்தா போதும்."

கொஞ்சம் தெரியும் என்று சொன்னீர்களாம். அண்ணன்மார் இருவரையும் ஓயாமல் தோற்கடித்ததால் வீட்டில் காய்ப்பெட்டியையே பரண்மேல் ஏற்றிவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இறுதிப் போட்டி இதே கூட்ட அறையில்தான் நடந்தது. நான்கு மேசைகள் நடுவே, மின்விசிறிக்குக் கீழே. ஐந்தாவது மேசை அந்தத் தூணுக்குப் பின்னால், பழைய வரைபட அலமாரியை ஒட்டி. தங்கள் எதிரே தொலைபேசி அலுவலகத்தின் இணைப்பாளர். நாள் முழுதும் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டுத் தாம் பேசாமல் இருந்து பழகிய அவரைத் தொலைபேசி அக்கா என்றே அழைக்கிறோம்.

நான்கு பலகைகளும் முடிந்தபோது இரண்டுக்கு இரண்டு. தலைவர்கள் கைகுலுக்கினார்கள். சரிசமம், கோப்பை ஆளுக்கு அரை ஆண்டு என்று முடிவாயிற்று. விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்த நடுவரும் தலையாட்டினார். எல்லோரும் பக்கத்து அறைக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். காய்களைப் பெட்டியில் அள்ளியவர் தங்கள் மேசையில் வெட்டுப்பட்டுக் கிடந்த காய்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் விசிறியையும் விளக்கையும் அணைத்துவிட்டுப் போனார். அங்கே இரண்டு பேர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒரு தலைக்கும் தோன்றவில்லை. தொலைபேசி அக்கா எழுந்து விளக்கைப் போட்டு, திரும்ப வந்து உட்கார்ந்து, குதிரையை நகர்த்தினார்.

சிறிது நேரத்தில் தங்கள் சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டியது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராணியை வைக்க வேண்டும். ராணியோ பெட்டிக்குள், பெட்டியோ பக்கத்து அறையில், பக்கத்து அறையிலோ கோப்பையோடு படமெடுப்பு. விதிப்படி கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய், வாசலில் நின்று சொன்னீர்கள்.

"சார், எங்க ஆட்டம் இன்னும் முடியல. எனக்கு ஒரு ராணி வேணும்."

அந்த நொடியில்தான் காமிரா பளிச்சிட்டது.

தேநீரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவர் தவித்தார். தலைவர்கள் இருவரும் ஓரமாகப் போய்க் குசுகுசுத்தார்கள். பிறகு கோட்டை அண்ணன் ஆட்டத்தாளோடும் பேனாவோடும் ஐந்தாம் பலகைக்கு வந்தார். கோப்பையைத்தான் பங்கு போட்டாகிவிட்டதே, டிரா என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை என்றார். தங்களுக்கு அப்போது வேலை உறுதியாகவில்லை, கேட்பவரோ மேலதிகாரி. பேனா தங்கள் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. தாங்கள் அதை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பதில் சொன்னவர், அந்தக் கையெழுத்தால் தோல்வியிலிருந்து தப்பித்திருக்கக்கூடிய தொலைபேசி அக்கா.

"நான் போட மாட்டேன் சார். நான் தோத்துட்டிருக்கேன். ஒழுங்கா தோத்துட்டுத்தான் எழுந்திருப்பேன். இதுவும் ஆட்டம்தான்."

நடுவரே பெட்டியைத் திறந்து ராணியை எடுத்துவந்தார். ஆண்கள் அத்தனை பேரும் தூணைச் சுற்றிக் கூடி நின்று பார்க்க, கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அக்கா தம் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கைநீட்டினார். இன்னொரு ஆட்டம் பாக்கி இருக்கிறது, மறந்துவிடாதே என்று தங்களிடம் சொன்னாராம். கோப்பை முழுதாக நமக்கு வந்தது. படச்சுருள் தீர்ந்துபோனதால் மறுபடம் எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டும் தங்களை ஐந்தாம் பலகையிலேயே எழுதினார் கோட்டை அண்ணன். ராசியான கை, மாற்ற வேண்டாம் என்றார். ராசி வேண்டாம், தேர்வு ஆட்டம் வையுங்கள் என்றீர்கள். மதிய இடைவேளைகளில் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தோற்றவர் ஒருவர் கடிகாரத்தைக் காதருகே வைத்து ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்தார். இன்னொருவர், பெரிய மனசு பண்ணி, ஆம்பள மாதிரி ஆடுகிறீர்கள் என்று பாராட்டினார்.

"உங்கள மாதிரி ஆடியிருந்தா தோத்திருப்பேனே சார்" என்றீர்கள்.

கடைசியாக உட்கார்ந்து தோற்ற கோட்டை அண்ணன் தம் கையாலேயே தங்கள் பெயரை முதல் பலகைக்கு எழுதினார் என்பதையும் சொல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம். வெளியூர் அணியில் ஒருவர் தங்கள் எதிரே உட்கார்ந்துகொண்டு, சார் எப்ப வருவார் என்று தங்களிடமே கேட்டபோது, வந்தாச்சு, ஆரம்பிங்க என்று சொன்னவரும் அவரே. தாங்கள் வாசலில் நின்று ராணி கேட்ட நாள்முதல் நம் அணி ஆடும் இடத்தில் ஒவ்வொரு பலகையின் பக்கத்திலும் உபரியாக ஒரு ராணி வைக்கப்படுகிறது. பிற அணியினர் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்து முறைப்பார்கள், நாங்களும் விளக்கம் சொல்வதில்லை.

ஆனால் அக்கா, அந்தப் பாக்கி ஆட்டம் வரவேயில்லை. தாங்கள் முதல் பலகைக்குப் போனீர்கள். தொலைபேசி அக்காவை அவர் அணி ஐந்தாம் பலகையை விட்டு நகர்த்தவே இல்லை. பெண்கள் பலகைக்கு நல்ல ஆள் அமைந்துவிட்டார், பிறகென்ன என்று இருந்துவிட்டார்கள்; அவர் ஓய்வு பெறும் வரைக்கும் அப்படியே. ஒரே அறையில் எத்தனையோ ஆண்டு ஆடியும் எதிரெதிரே மறுபடி ஒருமுறைகூட உட்காரவில்லை. ஆண்டுதோறும் போட்டி முடிந்ததும் தாங்கள் அந்தக் கடைசி மேசைக்குப் போய் அவர் ஆட்டம் முடியும்வரை நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதை நினைத்தால் எங்களுக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

நோயின்றி, நொடியின்றி, நூறு தாண்டியும் கூர்மை குன்றாமல், வீட்டிலுள்ளவர்களை எல்லாம் தோற்கடித்து, பெட்டியைப் பரண்மேல் ஏற்ற எவருக்கும் மனம் வராமல் தாங்கள் வாழ வேண்டும்! கோடு போட்ட கைக்கு இனி ஓய்வு உண்டு, காய் நகர்த்தும் கைக்கு இல்லை என்று உரிமையோடு உத்தரவிடுகிறோம்.

இனி ஒரு வேண்டுகோள். தூணுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய மேசையை இன்று விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டிருக்கிறோம். பலகை விரித்திருக்கிறது, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு உபரி ராணி இருக்கிறது. கோட்டை அண்ணன் பக்கத்தில் இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தாங்கள் திரும்பிப் பார்த்துவிட்டீர்கள். தொலைபேசி அக்காவுக்குத்தான் வெள்ளைக் காய்கள்.

பக்கத்து அறையில் தேநீர் தயாராக இருக்கிறது. ஆட்டம் முடியும்வரை நாங்கள் ஒருவரும் எழுந்து போக மாட்டோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத
அலுவலகத் தோழர் தோழியர்
மற்றும் ஐந்து பலகைகளின் அணியினர்