சிரிப்புக் காட்டாதீங்க சிஸ்டர்

வேணாம் சிஸ்டர், அவளுக்குச் சிரிப்புக் காட்டாதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ரயில் கெளம்பட்டும், அப்புறம் எவ்ளோ வேணா கொஞ்சுங்க. பேரா? மிலேனா. நாலு மாசம் ஆகுது. அப்பா ஜாடைதான், எல்லாரும் சொல்றாங்க.

ஓர்த்தேக்கு. அங்கதான் எங்கம்மா வீடு. பெட்டியெல்லாம் இல்ல, இந்தப் பை மட்டுந்தான். நானும் கன்னிமாடத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவதான், அதான் உங்களப் பாத்ததும் வாய் மூட மாட்டேங்குது.

ஒண்ணு கேக்கலாமா? நீங்க தெருவுல போனா ஆம்பளைங்க பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு சாவியப் பிடிச்சுக்குவாங்கல்ல? கன்னியாஸ்திரி எதிர்ல வந்தா ஆகாது, இரும்பத் தொடணும்னு? பழகிப்போச்சா. சிரிக்கிறீங்க. எங்க தெஸ்தாச்சோ பேட்டையில இப்ப எம்பொண்ணப் பாத்து அதச் செய்றாங்க. ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோட தராசப் பிடிச்சுக்கிறாரு.

முன்னாடி இப்படி இல்ல சிஸ்டர். அரையிறுதிக்கு ஸ்காட்லாந்து போய் நம்ம ரோமா டீம் ரெண்டு கோல் வாங்கிட்டு வந்துச்சே, இங்க மூணு போட்டே ஆகணும்னு இருந்துச்சே, அன்னைக்கு இவ எங்க மாமனார் மடியில தூங்கிட்டிருந்தா. மூணும் விழுந்துச்சு. அவ்ளோதான், தெருவே வந்து இவ காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குது. எங்க வீட்டுக்காரர் எஜிதியோ, கறிக்கடை வச்சிருக்காரு, இவளத் தோள்ல தூக்கிட்டுச் சந்தையெல்லாம் சுத்துனாரு. அன்னைக்குப் போட்ட சட்டையத் தொவைக்கக்கூட விடல. பால் வாடை, புளிச்ச வாடை. தொவைச்சேன்னா, கோப்பைய நீதான் வாங்கித் தரணும்டின்னு மாமனார் சத்தம் போட்டாரு.

ஃபைனலுக்கும் அதே சட்டை, அதே நாற்காலி, அதே மடி. நம்ம ஊர் மைதானம் வேற. ஒண்ணுக்கொண்ணுல நின்னு பெனால்டிக்குப் போயிடுச்சு. லிவர்பூல்காரன் மொத உதையவே மேல அடிச்சுட்டான். நம்ம கேப்டன் போட்டுட்டாரு. எஜிதியோ இவ உச்சந்தலைல முத்தமா குடுக்கிறாரு. அப்புறம் நம்மாளு ஒருத்தர் மேல அடிச்சாரு. சரி, இன்னும் இருக்குல்ல. கடைசியா நம்மாளு பந்த வச்சுட்டு நிக்கிறாரு. அந்த கோல்கீப்பர் குடிகாரன் மாதிரி ரெண்டு காலையும் வளைச்சு ஆட்டுனான், ஞாபகம் இருக்கா? கன்னிமாடத்துல டிவி இல்லையா. ஆட்டுனான் சிஸ்டர். மூச்சு விடாம இருக்கோம் எல்லாரும். அந்த அமைதியில இவ சிரிச்சுட்டா. களுக்குனு. பொறந்ததுலேர்ந்து அதான் மொத சிரிப்பு.

பந்து கம்பத்துக்கு மேல போயிடுச்சு.

அப்புறம் அவங்க ஆளு ஒரே உதை. முடிஞ்சுது. மாமனார் இவள சுடுற பாத்திரம் மாதிரி மேசை மேல வச்சுட்டு வெளிய போயிட்டாரு. எஜிதியோ மட்டும் இவளையே பாத்துட்டிருந்தாரு.

தெருவுல கேலிதான். என்னடி, லிவர்பூல்காரி தூங்கிட்டாளாங்கிறாங்க. அத விடுங்க, வாய்தானே. எஜிதியோதான் பேச்ச விட்டுட்டாரு. இவ சிரிச்சா எந்திரிச்சுப் போயிடுவாரு. இவளுக்கு இப்பத்தான் சிரிப்பே வந்திருக்கு சிஸ்டர், பாத்ததுக்கெல்லாம் சிரிக்கிறா. பல்லியப் பாத்து, பால் புட்டியப் பாத்து. நான் வாயப் பொத்துறேன். பெத்தவ செய்ற வேலையா அது?

இல்ல, அடிக்க மாட்டாரு. நல்ல மனுஷன். ஒரு ஈயக்கூட...

இன்னைக்கு விடிகாலைல தொட்டில் காலியா இருந்துச்சு. செருப்புகூடப் போடாம ஓடுனேன். பாலத்துல நின்னுட்டிருந்தாரு. இவளக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கமா நீட்டிப் பிடிச்சிருந்தாரு. கீழ டைபர் ஆறு. என்னங்க பண்றீங்கன்னேன். மெதுவா சொல்றாரு, ஒண்ணுமில்லடி, தோஷத்த ஆத்துல உதறுறேன், அடுத்த வருஷமும் ஆட்டம் இருக்குல்லன்னு. இவ காத்துல காலாட்டிட்டுச் சிரிக்கிறா.

அதுக்கப்புறம் இவள எங்கையில குடுத்துட்டுக் கடையத் தொறக்கப் போனாரு. நான் இங்க வந்துட்டேன்.

இந்தப் பெட்டியில உங்களப் பாத்துட்டுத்தான் ஏறுனேன் சிஸ்டர். அவரு கன்னியாஸ்திரி இருக்கிற எடத்துக்குள்ள கால் வைக்க மாட்டாரு. கொஞ்சம் ஜன்னலோரமா நகந்துக்குங்க, உங்க முக்காடு வெளிய தெரியட்டும். ஆமா, அந்தக் கறிக்கடை ஏப்ரன் போட்டவருதான். ஒவ்வொரு ஜன்னலா பாத்துட்டு வர்றாரு. நான் கீழ குனிஞ்சுக்கிறேன். இவள மட்டும் பாக்காதீங்க, நீங்க பாத்தா சிரிச்சிடுவா.

சாவியத் தொட்டாரா, சொல்லுங்க.