பட்டியலில் ஐந்தாவது வரி

என் பெயரை ஏட்டு ஐயா தாளின் தலையில் எழுதிவிட்டார். வேலையிடத்தில் என்னைச் சூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அறுபத்தேழு. இளைய மகன் வீட்டின் பின்னறையில் குடியிருக்கிறேன். கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் இயந்திரங்களின் சூட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை, பத்தொன்பது வருடமாக. மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம் ஆகிறது. வாயால் சொன்னால் தானே எழுதிக்கொள்வதாக ஏட்டு ஐயா சொன்னார். நான் தாளைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன். நேரமாகும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

கோடை முடியும்வரை தினமும் மாலை நான்கு முதல் ஐந்து வரை மின்வெட்டு என்று அறிவிப்பு வந்தது. அதன் பிறகு முதலாளி ஏற்பாடுகள் செய்தார். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஒரு நிமிடத்தில் தானே ஓடும். அது ஓடாவிட்டால் எச்சரிக்கை மணி அடிக்கும், நான் போய் இயந்திரக் கதவுகளைத் திறக்க வேண்டும். மணியும் இன்னும் சில சாமான்களும் பேட்டரியில் வேலை செய்யும். அவை எவை என்று மேலாளர் ஆறு வரிகளில் எழுதி, முதலாளியின் கையெழுத்துக்காக மேசையில் வைத்தார். மணி கடைசி வரி. வாசல் கேமராவும் அதன் திரையும் பட்டியலில் இல்லை. நான்கு முறை படித்தேன், இல்லை.

என் மனைவி மூத்த மகன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் மகன்கள் பேசி வைத்து, ஆளுக்கு ஒருவராக எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றதால் நாங்களும் போக வர முடியாமல் ஆயிற்று. அவள் செவ்வாயும் வெள்ளியும் முழங்கால் வைத்தியத்துக்கு வந்துவிட்டு, எங்கள் பொரிப்பக வாசலுக்கு எதிரே பேருந்துக்கு நிற்பாள். வேலை நேரத்தில் நான் வெளியே போக முடியாது. போனால், குஞ்சுகளுக்கு நோய் வராமலிருக்க, குளித்து உடை மாற்றினால்தான் திரும்ப உள்ளே விடுவார்கள், அரை மணி நேரம் ஆகும். நான்கே காலுக்கு இயந்திரங்களைச் சுற்றி முடித்து அலுவலக அறைக்கு வந்தால், திரையில் அவள் என் கட்டைவிரல் உயரத்துக்குத் தெரிவாள்.

ஆகவே நான்காவது வரிக்குக் கீழே இருந்த இடத்தில் 'வாசல் கேமரா, திரை' என்று எழுதினேன். மேலாளரின் எழுத்தைப் போலவே சாய்த்து எழுதினேன். முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு எலெக்ட்ரீஷியன் வந்தார். பேட்டரிப் பெட்டியில் ஆறு இணைப்புக்குத்தான் இடம் என்று அவர் முதலாளியிடம் சொன்னதும், முதலாளி வரிசைப்படி கொடுத்துக் கடைசியை விடச் சொன்னதும் அப்போது எனக்குத் தெரியாது. மணி ஏழாவதாகப் போய்விட்டது. திரைக்கு இணைப்புக் கொடுத்தபோது நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நான் எழுதிய ஒரு வரி நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வாரம் குறை எதுவும் இல்லை. போன வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மின்சாரம் போனது. அலுவலக அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது, ஆகவே மின்விசிறி நின்றது, திரை மட்டும் எரிந்தது. மணி அடிக்காததால் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று நம்பி, சுற்றுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். பேருந்து அன்று தாமதம். அவள் ஏறும்போது நான்கு நாற்பது. அதன் பிறகு பொரிப்பு அறைக்குப் போனேன், ஜெனரேட்டர் ஓடவில்லை, காற்றாடிகள் நின்றிருந்தன. அவை பத்தொன்பது நாள் ஆன முட்டைகள். அந்த வயதில் முட்டை தானே சூடு விடும், காற்று ஓடாவிட்டால் வெந்துவிடும். கதவுகளைத் திறந்து தட்டால் விசிறினேன். மறுநாள் காலை தட்டுத் தட்டாக முட்டைகளை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். கொத்தும் சத்தம் சிலவற்றில்தான் கேட்டது. நாலாயிரத்து எண்ணூறில் முக்கால்வாசி பொரியவில்லை.

எலெக்ட்ரீஷியன் வேறு பொரிப்பகத்துக்காரர் பேச்சைக் கேட்டு மணியைக் கழற்றினார் என்று முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். நேற்றிலிருந்து அவரைக் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் வந்ததும், "பெரியவரே, பேப்பர்ல இருந்ததத்தான் மாட்டுனேன். நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. அந்த வரி என்னுடையது.

ஆய்வாளர், "அதுக்கு ஒரு போன் பண்ணிப் பேசியிருக்கலாமே?" என்றார்.

"போனை எடுக்கறது பெரிய மருமகங்க. 'அத்தை நல்லா இருக்காங்க மாமா'ன்னு அவளே சொல்லி வச்சிடுவா. எனக்குப் பேசறதுக்கு ஒண்ணுமில்லைங்க. பாக்கணும்" என்றேன்.

அதன் பிறகு கேமராவின் பதிவைப் போட்டு ஆளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். அது என் மனைவிதான். அவள் மூன்றே முக்காலுக்கே வந்துவிடுகிறாள். எங்கள் வாசலைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் திரைக்கு வருவதற்குள் அவள் ஏற வேண்டிய பேருந்து ஒன்று வந்து போகிறது, அவள் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, அதற்கு முந்தைய செவ்வாயும் அப்படித்தான். இது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு முறை காட்டினார்கள், மூன்றாம் முறை நான் கேட்டுப் பார்த்தேன்.

ஏன் ஏறவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். நிச்சயமாகத் தெரியாததை எழுதக் கூடாது என்று ஏட்டு ஐயா சொன்னதால் நான் அதை எழுதவில்லை. அவளைக் கேட்டால்தான் தெரியும். ஆகையால் என் மனைவியைச் சாட்சியாக அழைத்து விசாரிக்க வேண்டுகிறேன். அவளால் மாடிப்படி ஏற முடியாது, கீழறையில் விசாரிக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி என்று எனக்கும் ஒரு தாளில் எழுதி அனுப்பினால் படித்துவிட்டு முன்பே வந்து உட்கார்ந்திருப்பேன்.

இதில் உள்ள எல்லா வரிகளும் என் கையால் எழுதியவை. நடந்ததற்கு மேலாக ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றையும் விடவில்லை. முதலிலிருந்து கடைசி வரை நானே படித்துப் பார்த்தேன், உண்மை.

(கையொப்பம்)