கார்த்தேஜும் நாங்கள் வெட்டாத பங்கரும்

"குத்துறான்! விழுந்து படுங்கோ!"

யாரோ கத்துகிறார்கள். தூரத்தில் இரண்டு தரம் டும், டும். பீரங்கி ஷெல் கிளம்பும் சத்தம் அது. பத்து எண்ணுவதற்குள் கூவிக்கொண்டு வரும். ஏழு. எட்டு. வெறும் மணலில் குப்புறக் கிடக்கிறேன். இறங்கி ஒளியப் பங்கர் குழி இல்லை.

கண்ணைத் திறக்கிறேன். ஸ்காபரோ. தஞ்சம் புகுந்த நாட்டில் வளர்ந்தவர்கள் படிக்கும் பள்ளி, சரித்திர வகுப்பு. மேல்மாடியில் மேசையை இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில் நான் மேசைக்குக் கீழே. வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்து மேசைச் சோமாலியப் பெண் குனிந்தாள். விழுந்த பேனாவை எடுத்துத் தந்தாள்.

பாடம் கார்த்தேஜ், பழங்காலத் துறைமுக நகர். மத்தியதரைக் கடல் யாருக்கு என்று ரோமும் கார்த்தேஜும் நூறு வருடத்துக்கு மேல் அடிபட்டன. கடைசியில் ரோம் கேட்டது: பணயமாக முந்நூறு பிள்ளைகளைத் தா, உன்னை விட்டுவிடுகிறேன். கொடுத்தார்கள். ஆயுதங்களைத் தா. அதையும் கொடுத்தார்கள். பிறகுதான் சொன்னது: ஊரை இடிக்கப் போகிறேன், கடலை விட்டு உள்ளே போ. அப்போதுதான் எதிர்த்து நின்றார்கள். மூன்று வருட முற்றுகை. ஊர் எரிந்தது.

பின்வரிசையில் நம் ஆள் ஒருவர் சிரித்தார். "விசர்ச் சனம். ஏன் நம்பினவை?"

சண்டை முற்றுவதற்கு முன்பே இங்கே பார்க்டேலுக்கு வந்து சேர்ந்தவர் அவர். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏனென்றால் நானும் நம்பினேன்.

இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம், வன்னி. ஆறு தரம் இடம்பெயர்ந்துவிட்டோம். எங்கே போனாலும் முதல் வேலை பங்கர். அடுப்பு மூட்டுவதெல்லாம் பிறகு. என் கணவர் சிவராசா வெட்டுவார். நான் சீலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்புவேன். கூறைச் சீலையையும் தைத்தேன்.

ஏழாவது இடம் பாதுகாப்பு வலயம் என்றார்கள். அரசாங்க ரேடியோவில் சொன்னார்கள். விமானத்திலிருந்து நோட்டீசும் போட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் அவர் மண்வெட்டியை எடுத்தார். நான் தடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, இஞ்ச அடிக்க மாட்டாங்கள். களைச்சுப் போனியள். நாளைக்கு வெட்டலாம்."

அவர் மண்வெட்டியைப் பனையில் சாய்த்தார். மகளை அணைத்துக்கொண்டு படுத்தார். நன்றாக நித்திரை கொண்டார்கள். விடிந்ததும் நான் தண்ணீர் அள்ளப் போனேன். பாதி வழியில் டும், டும். ஏழு. எட்டு.

இத்தனை வருடமும் ஷெல் கொன்றது என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். வெட்ட வேண்டாம் என்றது நான். இதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

வீட்டுவேலைக் கேள்வி: கார்த்தேஜ் இழந்தவை எவை? தாள் மேசையில் கிடக்கிறது. எனக்குத் தெரிந்த கணக்கைத்தான் எழுத முடிகிறது.

சிவராசா, முப்பத்து நான்கு வயது. மகள் நிலா, ஆறு வயது. என் வலது காது, அன்றிலிருந்து அது கேட்பதில்லை. ஆறாவது இடத்தில் மண்ணோடு விட்டு வந்த கூறைச் சீலை.

மண்வெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் சாய்த்து வைத்தபடியே நின்றது.