குஞ்சாயி தேடி வந்த மண்ணு

கொள்ளிடத்துக்குப் பாலம் வராத காலம். அக்கரைக்குப் போகணும்னா ஓடந்தான். அப்ப வடகரையில செம்பியங்காடுன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல குஞ்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்துட்டான். ரெண்டு பொட்டப் புள்ளைங்க. ஆத்தோரத்துல ஒரு துண்டு நெலம், அதுதான் மூணு பேருக்கும் சோறு.

அந்தப் புருசன் சாகறதுக்கு முந்தி ஒரு வேலை பண்ணிட்டுப் போனான் பாருங்க. கரையோரம் நாணல் அடர்த்தியா நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் நெலம் கெடைக்குமேன்னு அதை அறுத்து, வேரையும் தோண்டிப் போட்டுட்டு, தண்ணி ஓரம் வரைக்கும் உழுதுட்டான். பேராசைன்னு நான் சொல்லமாட்டேன், ரெண்டு பொண்ணு வச்சிருந்தவன். ஆனா ஆறு அந்த எடத்துல வளையுது. வளைவுக்கு வெளிப்பக்கம் தண்ணி வந்து மோதும். புடிச்சு வைக்க வேர் இல்ல. ஒரு ஆடியில வெள்ளம் வந்துச்சு, கரை பொத்துன்னு விழுந்துச்சாம். அடுத்த ஆடியில வந்துச்சு, இன்னும் விழுந்துச்சாம். இப்படியே போயி, கடைசியில உழறதுக்கு நெலமே இல்ல.

விழுந்த மண்ணு எங்க போகும்? தண்ணியோட போச்சு. கொஞ்சம் கெழக்க, தென்கரையில, நம்ம ஊருக்கு நேரா, வளைவுக்கு உள்பக்கம் வந்துச்சு. இங்க தண்ணிக்கு வேகம் கொறையும். வேகம் கொறைஞ்சா சுமக்க முடியாதுல்ல, எறக்கி வச்சிடும். மொதல்ல வெறும் மணல் திட்டு. அதுல கோரை மொளைச்சுது. அப்புறம் நாணல் வந்துச்சு. நாணலுக்குள்ள பூந்த தண்ணி மெதுவாப் போகும், மெதுவாப் போற தண்ணி வண்டலைப் படிய வச்சிட்டுப் போகும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஒசந்து, படுகையாயிருச்சு.

மாசி மாசம் தண்ணி வத்துச்சு. குஞ்சாயி மடியில வெள்ளரி வெதையைக் கட்டிக்கிட்டு, ஆத்துல எறங்கி நடந்தே வந்துட்டாளாம். வந்தவ குழி பறிச்சு வெதை போடுறா. நம்ம ஊரு பெரியதனம் மாசிலாமணி ஓடி வந்தாராம்.

"யாரும்மா நீ? யாரு நெலத்துல யாரு வெதைக்கிறது?"

"என் நெலத்துலதாங்க வெதைக்கிறேன். அது முன்னால வந்துருச்சு, நான் பின்னால வர்றேன்."

ஊரே சிரிச்சுதாம். சிரிக்க என்ன இருக்கு? எனக்கு இன்னைக்கும் கோவம் வருது. பசிச்ச புள்ளைங்களைக் கரையில நிறுத்திட்டு வந்தவ அவ.

"ஆத்துல போனது ஆத்தோட போச்சு. நடையைக் கட்டு"ன்னுட்டாரு.

வெரட்டுனதோட விட்டாரா? இம்புட்டு நல்ல மண்ணை நாணல் அடைச்சுக்கிட்டு நிக்குதேன்னு ஆளை விட்டு அறுத்து, வேரையும் தோண்டச் சொன்னாராம். நடு ஆத்துல போய்க்கிட்டு இருந்தவ திரும்பிப் பாத்தா. பாத்து, அங்கேருந்தே கத்துனாளாம்.

"ஐயா, என்னை வெரட்டுங்க, நாணலைத் தொடாதீங்க! எங்க வூட்டுக்காரரு பண்ணுனதைப் பண்ணாதீங்க!"

"போடி போ"ன்னாராம்.

ஆடி வந்துச்சு. அந்த வருசம் பெரிய வெள்ளம். படுகையில பாதியைக் காணோம். மாசிலாமணி கரையோரமாவே தேடிப் போனாரு. கெழக்க இன்னொரு ஊருக்குப் பக்கத்துல புதுசா ஒரு திட்டு கெடக்கு.

"இது எங்க ஊரு மண்ணு"ன்னாராம்.

அந்த ஊர்க்காரங்க, "அப்படிங்களா? கூப்பிட்டுப் பாருங்க, எழுந்து வருதான்னு"ன்னாங்களாம்.

அங்கேருந்து திரும்புனாரு. வீட்டுக்கு வரல, ஓடம் ஏறி நேரா செம்பியங்காட்டுக்குப் போனாரு. குஞ்சாயி அப்பக் கூலிக்குக் களை எடுத்துக்கிட்டு இருந்தாளாம்.

"ஆத்தா, மிச்சமாவது நிக்கணும். என்ன செய்யணும், சொல்லு."

அவ ஒண்ணும் குத்திக் காட்டல. "மொதல்ல எனக்கு வெதைக்க எடம் விடுங்க. அப்புறம் சொல்றேன்"னாளாம். சாமர்த்தியக்காரி! எடம் வாங்குனா. அப்புறம் நாணல் கெழங்கைக் கொண்டாந்து தண்ணி ஓரமா வரிசையா ஊனுனா. ரெண்டு பொண்ணையும் இந்த வெள்ளரியில வளத்துக் கட்டிக் கொடுத்தா. அவ கண்ணை மூடறதுக்குள்ள படுகை பழைய அளவுக்கு வந்துருச்சாம்.

அதனாலதான் இதுக்கு குஞ்சாயி படுகைன்னு பேரு. அதனாலதான் இங்க நாணல் பக்கம் எவனும் அருவா கொண்டு போறதில்ல. வெள்ளத்துல நெலம் பறிகொடுத்தவங்க எந்தக் கரையா இருந்தாலும் சரி, மாசியில வந்து மொதல் வெதை அவங்க போடணும். அதுக்கப்புறந்தான் நாம.

போன வெள்ளத்துல அக்கரையில தைலம்மைக்கு வாழைக்கொல்லை பூரா போயிருச்சு. அதோ, சீலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஆத்துக்குள்ள வர்றா பாருங்க, அவதான். எழுந்திரிங்க எல்லாரும். அவ மண்ணு மேல உக்காந்திருக்கோம்.