பூரூல் போட்ட ஊசி

ஆய்பெரி: கதவைச் சாத்துக்கா. அத்தை குதிரைப்பால் கறந்துட்டு வர்றதுக்குள்ள போட்டுடணும்.

பூரூல்: என்னத்தைப் போடணும்?

ஆய்பெரி: ஊசிதான்... சத்து ஊசி.

பூரூல்: சத்து ஊசியை எவளாவது ஃபிரிட்ஜுல வெண்ணெய்க்குப் பின்னால ஒளிச்சு வைப்பாளா?

ஆய்பெரி: பாத்துட்டியா!

பூரூல்: மூத்த மருமக கண்ணுக்குத் தப்புமா? அதுவும் ஆட்டு ஆஸ்பத்திரியில ஊசி போடறவ. சொல்லு, என்ன இது?

ஆய்பெரி: முட்டை ஊசி.

பூரூல்: என்னது!

ஆய்பெரி: சிரிக்காதக்கா. இதுவரைக்கும் போட்டதெல்லாம் எனக்குள்ள முட்டையை வளர்க்க. வளர்ந்ததை வெளிய விடறது இந்த ஊசிதான். இன்னிக்குச் சாயங்காலம் தப்பவே கூடாதுன்னு பிஷ்கேக் பட்டணத்து டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தினமும் போட்டுவிடற என் மனுஷன் லாரியோட கணவாய்ப் பனியில மாட்டிக்கிட்டாரு.

பூரூல்: அட, நம்ம ஆட்டுக்கும் இப்படி ஒண்ணு உண்டு! போட்டதும் கெடாவை உள்ள விடுவோம்... ஆமா, என் கொழுந்தன் நாளைக்காவது வந்துடுவானா?

ஆய்பெரி: அக்கா!... வந்துடுவாரு.

பூரூல்: அத்தைகிட்ட ஏன் மறைக்கற?

ஆய்பெரி: போன மாசமே கேட்டுப் பாத்தேன். ‘உடம்பைக் குத்திக் கெடுத்துக்காத, பிள்ளைக்கு நான் வழி பண்ணிட்டேன்’னாங்க. என்ன வழின்னா சிரிக்கறாங்க. உனக்குத் தெரியுமா?

பூரூல்: ... சட்டையைத் தூக்கு.

ஆய்பெரி: தெரியுமான்னு கேட்டேன்.

பூரூல்: ஆடாத. ஆடே உன்னைவிட ஒழுங்கா நிக்கும். ஏண்டி... இது நிச்சயமா பலிக்குமா?

ஆய்பெரி: யாருக்குத் தெரியும்? சிலருக்கு முதல் தடவையே கரு நிக்குமாம்.

பூரூல்: ரெண்டாப் போட்டா?

ஆய்பெரி: ஐயோ, ஒண்ணே போதும்! நாலு பெத்தவ, என்னைவிட நீ ஏன் இப்படிப் பறக்கற?

பூரூல்: ம்... முடிஞ்சுது. கீழ விடு.

ஆய்பெரி: என்னக்கா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கற?... அழறியா?

பூரூல்: அத்தை பண்ணின வழி என் வயித்துல இருக்கு, ஆய்பெரி. பொறந்ததும் உன் மடியில போடணுமாம். நம்ம சனத்துல வழக்கம்தானேன்னு நானும் தலையாட்டிட்டேன்... இந்த ஊசி பலிக்கணும்டி. என் பிள்ளையை என்னால குடுக்க முடியாது.