டயருக்குள் பெட்ரோல்

டிரோ: ஐயையோ... மாமா! டயருக்குள்ளயா பெட்ரோல ஊத்துறீங்க?

மொத்துசி: ஒரு மூடிதான் மாப்ளே. ரிம்ம விட்டுக் கழண்டு தொங்குது பாரு. பத்த வச்சா டப்புனு விரிஞ்சு உக்காந்துக்கும். அப்புறம் காத்தேத்தலாம்.

டிரோ: எதால? பம்ப்பும் இல்ல, ஸ்டெப்னியும் இல்ல...

மொத்துசி: மத்த மூணு டயர்ல காத்து இருக்குல்ல? கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற குழாய உருவி வச்சிருக்கேன். ஒண்ணொண்ணுலேர்ந்தும் கொஞ்சம் கொஞ்சமா...

டிரோ: உங்களுக்கு என்ன கிறுக்கா? பேசாம நிழல்ல உக்காருங்க. சாயங்காலம் மாட்டு லாரி ஏதாச்சும் வரும்.

மொத்துசி: சாயங்காலமா? நாலு மணி பஸ்ல உங்கக்கா என்னைய விட்டுட்டுக் கபரோனே போயிடுவா. அப்புறம் அவ்ளோ பெரிய ஊர்ல எங்க தேடுவேன்?

டிரோ: நாலு மணியா... அது உங்களுக்கு எப்படி...

மொத்துசி: பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. தள்ளி நில்லு.

டிரோ: மாமா, வேணாம்... நெருப்புப் பெட்டியக் குடுங்க... மாமாஆஆ!

மொத்துசி: இந்தா, பத்த வச்சாச்சு!

டிரோ: அம்மாடி! காதே போச்சு! மாமா... உசுரோட இருக்கீங்களா? உங்க புருவம் எங்க மாமா!

மொத்துசி: புருவம் கெடக்கட்டும். டயரு உக்காந்துச்சா இல்லையா?

டிரோ: உக்காந்துருச்சு... ரிம்மோட ஒட்டிக்கிச்சு.

மொத்துசி: ஷ்ஷ்... புஸ்ஸுன்னு கேக்குதா? வால்வுலேர்ந்து வருது. பின்னு லூசா இருக்கு. முள்ளும் குத்தல, ஓட்டையும் இல்ல... இது தானா கழலாதே! மக்வின்யா போண்டா வாங்க நான் கடைக்குள்ள போனப்ப, நீதான கார்கிட்ட குனிஞ்சு நின்ன?

டிரோ: செருப்பு வார மாட்டத்தான் குனிஞ்சேன்...

மொத்துசி: மாப்ளே. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

டிரோ: நான்தான். நான்தான் திருகிவிட்டேன். அடிக்கணும்னா அடிங்க.

மொத்துசி: அடப்பாவி! சமாதானம் பேச வர்றேன்னுதான வண்டில ஏறின?

டிரோ: பொய். அக்கா போன்ல அழுதுச்சு மாமா. பஸ் கெளம்புற வரைக்கும் அவர எப்படியாவது நிறுத்தி வைடான்னு. சுரங்க வேலை போனதுலேர்ந்து ஒரு வருஷமா நீங்க அதுகிட்ட ஒரு வார்த்தை பேசலையாமே?

மொத்துசி: ...ஆமா. பேசல. வெக்கமா இருந்துச்சு. அவ துணி தைச்சுச் சோறு போட்டா, நான் தின்னேன்.

டிரோ: அப்ப அது போகட்டுமே! இப்ப எதுக்கு இழுத்துட்டு வரப் போறீங்க?

மொத்துசி: இழுத்துட்டு வரப் போறேன்னு நான் எப்ப சொன்னேன்?

டிரோ: பின்ன எதுக்கு மூஞ்சியக் கருக்கிக்கிட்டு இந்த ஓட்டம்?

மொத்துசி: டிக்கியத் தெறந்து கம்பளிய விலக்கிப் பாரு. அவ தையல் மிஷினு. சொல்லாமப் போனவ, அத எப்படித் தூக்கிட்டுப் போவா? அது இல்லாம அந்த ஊர்ல எப்படிடா பொழைப்பா?