சீனியர் கொடுத்த செல்

“நாலு வருஷமா நான் மருந்து போட்டுப் பாத்தது மார்புப் புத்துநோய் செல்லே இல்லண்ணா.”

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். பக்கத்திலிருந்த அண்ணனின் சட்டையெல்லாம் கல்தூசி.

“அப்போ இன்னா அது?”

“கருப்பைவாய்ப் புத்துநோய் செல்லு. எப்பவோ லேப்ல கலந்து, பெருகி, மத்ததை ஒழிச்சுக்கட்டிடுச்சு. டெஸ்ட் ரிப்போர்ட் இன்னிக்குதான் வந்துச்சு.”

“மொதல்லயே டெஸ்ட் பண்ணலியா?”

“சீனியர் போறப்போ குடுத்துட்டுப் போன செல்லு. அதை டெஸ்ட் பண்ணா அவங்களை நம்பலன்னு ஆயிடுமாம். எங்க லேப் வழக்கம்!”

“நல்லா கீது வழக்கம். சாமி செலைக்குக் கல்லு எடுத்தா, எங்கப்பனே குடுத்தாலும் தட்டி சத்தம் கேட்டுதான் உளி வெப்பேன். உங்க சார் இன்னா சொன்னாரு?”

“இதை வெச்சு நம்ம கட்டுரை வந்தாச்சு, வாயை மூடுன்னாரு. அதை நம்பி எத்தினி பேரு மருந்து தேடிகினு இருக்காங்களோ! அந்தச் செல்லையே புதுசா வந்த பொண்ணு கையில குடுக்கணுமாம்.”

“குடுத்துட்டியா?”

“செல்லு மொத்தமும் சாவட்டும்னு மேல ப்ளீச்சை ஊத்திட்டேன். ரிப்போர்ட்டைத்தான் அவ கையில குடுத்தேன்.”